எம்பிஏ தரவரிசைகளைக் கூட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? சில வருட அனுபவம்

பல எம்பிஏ தரவரிசைகளை ஒரே எக்செல் அட்டவணையில் போட்டுச் சராசரி எடுப்பது எனக்குச் சில வருடப் பழக்கம். முதலில் எனக்காக ஆரம்பித்தேன், அப்புறம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்காகத் தொடர்கிறேன். உபயோகமானதுதான். ஆனால் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் வரும் அந்தச் சராசரி எண்தான் இருப்பதிலேயே மதிப்புக் குறைந்தது.

மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப்பையும், லண்டன் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸின் பட்டியலையும் எடுத்துக்கொள்வோம். 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட என்ஐஆர்எஃப்பில் கற்பித்தல், வளங்களுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு இன்னொரு 30. ஃபைனான்ஷியல் டைம்ஸ், படித்து முடித்து மூன்று வருடம் ஆனவர்களிடம் சம்பளத்தைக் கேட்கிறது. சம்பளமும் சம்பள உயர்வும் சேர்ந்து அங்கே 40 சதவீதமாக இருந்தன. 2023இல் 32 ஆக்கினார்கள். ஒன்று பேராசிரியர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கிறது, மற்றது மாணவர் என்ன சம்பாதிக்கிறார் என்று பார்க்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தவை காலிக் கட்டங்கள். ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) 2008இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் நுழைந்தபோதே 20ஆம் இடம். என்ஐஆர்எஃப்பில் தேடினால் அது இருக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஐஎஸ்பி எக்கச்சக்கமாக மேலே போகும், கடைசி இடம் கொடுத்தால் அநியாயத்துக்குக் கீழே விழும். அமெரிக்கக் கல்லூரிகளிலும் இந்தக் கதைதான். 2023 ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் வார்ட்டன் இல்லை. முன்னாள் மாணவர்கள் போதுமான அளவில் பதில் அனுப்பவில்லை, அவ்வளவுதான் காரணம். முந்தைய வருடம் முதலிடம், அடுத்த வருடமும் முதலிடம்! யுஎஸ் நியூஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலோ அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மட்டும். அதில் பிரான்ஸின் இன்சியாட் வரவே வராது.

இன்னொன்று, பட்டியலில் இருக்கும் பெயர் நாம் நினைக்கும் படிப்புதானா என்பது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் எம்பிஏ பட்டியலில் ஐஐஎம் அகமதாபாத் என்று இருப்பது, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஒரு வருட பிஜிபிஎக்ஸ். கேட் (ஐஐஎம் நுழைவுத் தேர்வு) எழுதிச் சேரும் இரண்டு வருடப் படிப்பு வேறொரு பட்டியலில், மேனேஜ்மென்ட் முதுகலைப் படிப்புகளோடு வருகிறது. கேட்டுக்குப் படிக்கும் பையன் முதல் பட்டியலைப் பார்த்துக் கனவு கண்டு பயனில்லை.

சம்பள நெடுவரிசையிலும் கவனம் தேவை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் டாலராக மாற்றுவது வாங்கும் சக்திக் கணக்கில், அதாவது அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்ப. 40 லட்சம் ரூபாய் சந்தை விலையில் 50,000 டாலரைக்கூடத் தொடாது. வாங்கும் சக்திக் கணக்கிலோ ஒன்றரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். படிப்புக் கடனை இந்தியாவில் ரூபாயில்தானே கட்டப்போகிறோம்?

ஆயத்தமாகக் கிடைக்கும் கூட்டுப் பட்டியல்களும் உண்டு. 1988இல் பிசினஸ்வீக் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் தரவரிசையை உருவாக்கிய ஜான் பைர்ன்தான் பின்னாளில் போயட்ஸ் அண்ட் குவான்ட்ஸ் தளத்தில் பல பட்டியல்களுக்கு எடை கொடுத்துச் சேர்த்தார். தனிப் பட்டியல்களைப்போல வருடத்துக்கு வருடம் குதிக்காது என்பது அதன் பலம். ஆனால் எடை அவருடையது, நம்முடையது அல்ல. தவிர, மூலப் பட்டியல்கள் பலவும் சம்பளத்தை எண்ணுவதால், கூட்டும்போது சம்பளம் திரும்பத் திரும்ப எண்ணப்படுகிறது.

இப்போது என் அட்டவணையில் சராசரிக்கென்று நெடுவரிசை கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் மிக நல்ல இடம், மிக மோசமான இடம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி, இவ்வளவுதான். இடைவெளி சிறியதாக இருந்தால் அந்தக் கல்லூரியைப் பற்றிப் பெரிதாக விவாதிக்க வேண்டியதில்லை. பெரியதாக இருந்தால் ஏன் என்று தோண்டுவேன். பெரும்பாலும் ஆராய்ச்சியும் சம்பளமும் எதிரெதிராக இழுப்பதாகவோ ஏதோ ஒரு பட்டியலில் விடுபட்டதாகவோதான் இருக்கும்.

சித்தி மகன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, ஏழாவது இடத்துக் கல்லூரியா, பதினோராவதா, எது?" இரண்டு கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அறிக்கையையும் வைத்து, சராசரிச் சம்பளத்தை விட்டுவிட்டு இடைநிலைச் சம்பளத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவர் வாங்குவதை) கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். பதினோராவதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறான்.