சீலியாக் இருக்கும் வீட்டுக்கு ராகி மாவு: மில்லா, பாக்கெட்டா?

சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய். அதற்கு மருந்தே குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். ராகியில் குளூட்டன் கிடையாது; சிக்கல் அரைக்கும் இடத்தில்.

செலவு: மில் மலிவு. ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட் கையைக் கடிக்கும்.

பாதுகாப்பு: மில்லில் நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லிடுக்கிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் ஒட்டியிருப்பது நம் தூக்கில் விழும், சலித்தாலும் போகாது. ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டிலோ கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி.

வாசனை: சந்தேகமே வேண்டாம், சூடாக வரும் மில் மாவுதான்.

சீலியாக் உள்ளவருக்கு ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட். மற்றவர்களுக்கு மில், ஆனால் தனி டப்பா, தனிக் கரண்டி. அப்புறம், கூழுக்கான மோரில் போடும் பெருங்காயத்தின் லேபிளையும் பாருங்கள். பல பெருங்காயத் தூள்களில் கோதுமை மாவு கலந்திருக்கும்.