ஏஏ மீட்டிங்: நேர்ல போறதா, ஆன்லைனா?

ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கறவங்க கூடிப் பேசி ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கற குழு. குடியை விடணும்னு முடிவெடுத்தவங்க பலபேர் இங்கதான் தயங்கி நிக்கிறாங்க.

செலவு: ரெண்டுக்குமே கட்டணம் இல்ல, 1935ல அமெரிக்கால ஆரம்பிச்ச ஏஏ, அதுல இருக்கறவங்க விரும்பி போடற காசுலதான் ஓடுது.

யாராச்சும் பாத்துட்டா?
நேர்ல: பேர் மட்டும் சொன்னா போதும், ஆனா சிங்கப்பூர் சின்ன ஊரு, தெரிஞ்ச முகம் வரலாம். பயமா இருந்தா குளோஸ்டு மீட்டிங் போங்க, குடியை விடணும்னு நினைக்கறவங்க மட்டும்தான் இருப்பாங்க.
ஆன்லைன்: கேமராவ ஆஃப் பண்ணிக்கலாம், ஆனா மூணு ரூம் வீட்ல பிள்ளைங்க காதுல விழாம எப்படி பேசறது?

நேரம், பாஷை: ஷிப்ட் வேலைன்னா ஆன்லைன்தான். தமிழ்ல மனசுவிட்டு பேசணும்னாலும் தமிழ்நாட்டு குரூப் ஏதாச்சும் ஆன்லைன்ல நடத்துதான்னு தேடுங்க, அங்க 8 மணின்னா இங்க 10.30.

பிடிமானம்: நேர்லதான், சந்தேகமே இல்ல. மீட்டிங் முடிஞ்சு கூட நின்னு பேசி நம்பர் குடுக்கற மனுஷன், கை நடுங்கற ராத்திரில போன எடுப்பாரு.

புதுசா வர்றவங்க நேர்ல போங்க, வெளிய வரவே முடியாதவங்க ஆன்லைன்ல தொடங்குங்க. ஒண்ணு மட்டும், தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், முதல்ல டாக்டர பாருங்க, புவாங்கோக்ல இருக்கற ஐஎம்எச் மனநல மருத்துவமனைல இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு.