மாட்டராஸி, கிரெகரி, காயில் மூணு பேரையும் ஒரே துணில அடிச்சுக் கொடுத்த திருவல்லிக்கேணி பிரிண்டிங் கடை – என் ரிவ்யூ

சென்னையின் எஃப்சி (ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்ல ஆடுற நம்ம ஊர் டீம்) பசங்க யாராவது துணி பேனர் அடிக்க நல்ல இடம் தேடிட்டு இருந்தா முழுசா படிங்க, மத்த டீம் ஆளுங்களுக்கும் யூஸ் ஆகும். கடை திருவல்லிக்கேணில, பாரதி சாலைல இருந்து உள்ள போற ஒரு சந்துல, மாடில இருக்கு. கீழ கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் ஓடிட்டே இருக்கும், படிக்கட்டு ரொம்ப குறுகல், பேனர் ரோலை தூக்கிட்டு இறங்கும்போது பாத்து இறங்கணும். வேலை மட்டும் செம்ம. அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், அரை எதுக்கு கட் பண்ணேன்னு கீழ சொல்றேன்.

எங்க குரூப் வருஷா வருஷம் ஒரு டர்ஃப் (வாடகைக்கு விடுற செயற்கை புல் கிரவுண்ட்) எடுத்து நமக்குள்ளயே சின்னதா ஒரு டோர்னமெண்ட் வைக்கும், விளையாட்டு பாதி பழைய கதை பேசுறது பாதி. இந்த தடவை டர்ஃப் வலைல கட்டுற மாதிரி பெரிய பேனர் ஒண்ணு, அதுல நம்ம டீமோட பழைய கோச்சுங்க முகம், அவ்வளவுதான் ஐடியா. ஆனா யாரை வைக்கிறது, யாரை நடுவுல வைக்கிறதுன்னு ஆரம்பிச்ச பேச்சு வாட்ஸப்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போச்சு. மான்செஸ்டர் யுனைடெட் பசங்களுக்கு இந்த பிரச்சனையே இல்ல, அவங்க கோச் ஃபெர்குசன் 1986ல இருந்து 2013 வரைக்கும் ஒரே ஆளா இருந்து 13 லீக் அடிச்சுக் கொடுத்துட்டு போயிட்டாரு, அவர் முகத்தை நடுவுல போட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ஆர்சனல் பசங்களுக்கு வெங்கர். நமக்கு 2014ல தான் டீமே வந்துச்சு, அதுக்குள்ள எத்தனை கோச், அதுல மூணு பேரை மனசு விட மாட்டேங்குது.

நம்ம முதல் கோச் மாட்டராஸி பத்தி சொல்லவே வேணாம், 2006 உலகக் கோப்பை ஃபைனல்ல இத்தாலிக்கு கோல் போட்டவரு, ஜிடேன் கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கினவரு, அந்த ஆளு நம்ம பெரியமேடு ஸ்டேடியத்துல வந்து நின்னாருன்றதே அப்போ நம்ப முடியல. 2014ல லீக்ல டாப்ல முடிச்சோம், செமில கேரளா கிட்ட கொச்சில 3-0 தோத்து, இங்க வந்து 3-0 திருப்பி அடிச்சு, எக்ஸ்ட்ரா டைம்ல 117வது நிமிஷம் கேரளாவோட பியர்சன் போட்ட கோல்ல போச்சு. அன்னிக்கு ஸ்டாண்ட்ல இருந்தவங்க யாரும் அதை மறக்கல. அடுத்த வருஷம் 2015, பாதி சீசன் தாண்டியும் டேபிள்ல கடைசில கிடந்தோம். அப்புறம் லீக்ல கடைசி நாலு மேட்சும் வரிசையா ஜெயிச்சு மூணாவதா உள்ள போனோம். அதே நேரம் ஊர்ல வெள்ளம். நம்ம ஹோம் செமியை இங்க வைக்க முடியாம புனேக்கு மாத்திட்டாங்க. நாங்க வீட்டுக்குள்ள இருந்து சேறு அள்ளிட்டு இருக்கோம், டீம் அங்க கொல்கத்தாவை 3-0 அடிக்குது. ஃபைனல் டிசம்பர் 20, கோவால, கோவா டீம் கூடவே. 87வது நிமிஷம் ஜோஃப்ரே அடிச்சு 2-1 கோவா முன்னாடி, முடிஞ்சுதுன்னு டிவியை ஆஃப் பண்ண எங்க மாமா இன்னும் அதை நினைச்சு நொந்துக்கிறாரு, ஏன்னா 90ல கோவா கோல்கீப்பர் கட்டிமணி ஓன் கோல், அடுத்து நம்ம மெண்டோசா, 3-2, கப்பு நம்மளுது. மெண்டோசா அந்த சீசன்ல 13 கோல். அந்த டிசம்பர்ல சென்னைக்கு சந்தோஷப்பட கிடைச்சது அது ஒண்ணுதான், மாட்டராஸி 2016ல ஏழாவது இடத்துல முடிச்சாருன்னு யாராவது கணக்கு காட்டினா எனக்கு அது காதுலயே ஏறாது.

ஜான் கிரெகரி வேற டைப். இங்கிலாந்து டீம் ஆஸ்டன் வில்லாவை 2000ல எஃப்ஏ கப் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டு போனவரு. 2017-18ல அவர் கட்டின டீம் பாக்க ஸ்டைலா இருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா உடைக்க முடியாது. செமி ஹோம் லெக்ல கோவாவை 3-0 அடிச்சோமே, ஜெஜெ ரெண்டு, நடுவுல ஒண்ணு நம்ம வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ் தலையால போட்டது. நம்ம ஊர் பையன் நம்ம கிரவுண்ட்ல செமில கோல் போடுறதை பாக்கணும்னு தானே டீமே வேணும்னு ஆசைப்பட்டோம். ஃபைனல் பெங்களூரு கண்டீரவால, லீக்ல நம்மளை விட 8 பாயிண்ட் மேல முடிச்ச டீம், அவங்க கிரவுண்ட், அவங்க கூட்டம், 9வது நிமிஷமே அவங்க சேத்ரி கோல். யாரா இருந்தாலும் ஆடிப் போயிருப்பாங்க. ஆனா நம்ம மைல்சன் ஆல்வ்ஸ் கார்னர்ல இருந்து தலையால ரெண்டு, ரெண்டாவது பாதில ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு, 3-2. அடுத்த சீசன் 9 பாயிண்ட்ல கடைசி இடம், அதையும் மறைக்க வேண்டியதில்ல, அதுவும் அவர் கதைல உண்டு. 2019 நவம்பர்ல போயிட்டாரு.

சண்டையே ஓவன் காயில் கிட்ட தான். கப்பு அடிக்கல, எதுக்கு பேனர்ல இடம்னு பாதி பேரு. நான் விடவே இல்ல. 2019 டிசம்பர்ல அவர் வரும்போது நாம டேபிள்ல கிட்டத்தட்ட அடில, கோல் போடவே தெரியாத டீம் மாதிரி இருந்தோம், அதே பசங்களை வச்சு நாலாவதா முடிச்சு, செமில கோவாவை இங்க 4-1 அடிச்சு, அங்க 4-2 வாங்கி, மொத்தம் 6-5ல ஃபைனல். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே மூணு பேரும் அந்த ரெண்டு மாசம் ஆடின ஆட்டம் மாதிரி நான் ஐஎஸ்எல்லயே பாத்ததில்ல. 2020 மார்ச் 14 ஃபைனல், கொரோனா ஆரம்பம், காலி ஸ்டேடியத்துல ஆடினாங்க, கொல்கத்தா கிட்ட 3-1 தோத்தோம். நம்ம ஆளுங்க ஒருத்தர் கூட உள்ள போக முடியாத ஃபைனல். அதனாலயே அவருக்கு நாம ஒரு கைதட்டல் பாக்கி வச்சிருக்கோம்னு எனக்கு எப்பவும் தோணும். 2023ல திரும்பி வந்து பிளேஆஃப் வரைக்கும் கூட்டிட்டு போனாரு, அது பழைய மாதிரி இல்லைன்னாலும்.

இந்த சண்டை முடியாமயே தான் கடைக்கு போனோம். சிஸ்டம்ல உக்காந்திருந்த அக்காவுக்கு ஃபுட்பால் பழக்கம் இல்ல, ஆனா ஃபைலை வாங்கி மெஷின்ல தள்ளிட்டு காசு வாங்குற ஆள் இல்ல அவங்க. "இது யாரு, இவரு என்ன பண்ணாரு, எதுக்கு இவரு மட்டும் பெருசு"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. காயில் படத்தை பாத்துட்டு "இவரு கப்பு வாங்கலையா தம்பி, அப்புறம் ஏன் வைக்கிறீங்க"ன்னாங்க. எங்க குரூப்ல காயில் வேணாம்னு கத்தின அதே பையன் தான் அவங்களுக்கு அந்த சீசன் முழுக்க உக்காந்து சொன்னான், சொல்லி முடிச்சதும் அவனே "வைங்க அக்கா"ன்னுட்டான். எங்க குரூப்ல அத்தனை ராத்திரி பேசியும் முடியாதது அங்க கால் மணி நேரத்துல முடிஞ்சுது.

அடுத்தது சைஸ். நாங்க கொண்டு போன டிசைன்ல மாட்டராஸி நடுவுல பெருசா, ரெண்டு பக்கமும் மத்த ரெண்டு பேரும் சின்னதா. அக்கா உடனே சொன்னாங்க, துணி ரோல் அஞ்சு அடி அகலம் தான், பெருசா வேணும்னா பீஸ் பீஸா அடிச்சு தைக்கணும், இந்த டிசைன்ல தையல் நடுவுல இருக்குறவரு மூஞ்சி மேல போகும்னு. ஃப்ளெக்ஸ்னா இந்த தொல்லை கம்மி, ஆனா அது மடிச்சா கோடு விழும், வெயிட் வேற, வெயில்ல பளபளன்னு அடிச்சு முகமே தெரியாது. அதனால துணி தான்னு முடிவு பண்ணோம். கடைசில 15 அடிக்கு 8 அடி, மூணு பீஸ், ஆளுக்கு ஒண்ணு, மூணு பேரும் ஒரே அளவு, வருஷ வரிசைல. யாரு நடுவுலன்ற கேள்விக்கு வருஷமே பதில் சொல்லிடுச்சு, கிரெகரி நடுவுல வந்துட்டாரு, யாருக்கும் வருத்தம் இல்ல. முகத்துக்கு கீழ என்ன எழுதலாம்னும் அவங்க கேட்ட கேள்வில இருந்து தான் வந்துச்சு: "கடைசில இருந்து கப்பு வரை", "பெங்களூருலயே போய் எடுத்தது", "எழுப்பி விட்டவர்".

இப்போ இந்த கடையோட உண்மையான சொத்து பத்தி சொல்லணும். உள்ள ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரு, அந்த காலத்துல மவுண்ட் ரோடு தியேட்டருங்களுக்கு சினிமா பேனர் கையால வரைஞ்சவரு. ஃப்ளெக்ஸ் வந்து அந்த தொழிலையே தூக்கிடுச்சு, இப்போ கேக்குறவங்களுக்கு மட்டும் முகம் வரைஞ்சு கொடுக்கிறாரு, அதை ஸ்கேன் பண்ணி அக்கா பிரிண்டுக்கு ஏத்துறாங்க. நாங்க கொடுத்த படம் எல்லாம் வாட்ஸப்ல சுத்தி சுத்தி தேஞ்சு போனது, பெருசு பண்ணா கட்டம் கட்டமா தெரியும், அதனால வரையலாம்னு அவரே சொன்னாரு. கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமா பென்சில்ல எடுத்து, அப்புறம் கலர். மாட்டராஸி கை பச்சையை பாத்துட்டு இதையும் வரையணுமான்னு கேட்டாரு, கண்டிப்பா ஐயான்னோம். கிரெகரி சிரிக்கிற படம் ஒண்ணு கொடுத்தோம், வேணாம்னு தள்ளிட்டு சைட்லைன்ல நின்னு முறைக்கிற படத்தை எடுத்தாரு, "இது தான் தம்பி அவரு மூஞ்சி"ன்னாரு. அவர் ஒரு மேட்ச் கூட பாத்ததில்ல, எப்படி தெரிஞ்சுதுன்னு தெரியல, ஆனா கரெக்ட், 2018ல அந்த மூஞ்சியை தான் நாம ஒவ்வொரு வாரமும் பாத்தோம்.

நீல கலர் பத்தி ஒரு விஷயம், டீம் கலர் பேனர் அடிக்கிற யாருக்கும் இது வரும். ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியுற நீலம் துணில இறங்கும்போது மங்கும் இல்லன்னா ஊதா பக்கம் சாயும். இங்க முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முழ துணில சாம்பிள் அடிச்சு, வாசல்ல வெயில்ல பிடிச்சுக் காட்டினாங்க, ஜெர்சியை கொண்டு வாங்கன்னு சொல்லி பக்கத்துல வச்சு மாத்தினாங்க. வேற ஒரு ஏரியால முன்னாடி ஒரு கடைல கொடுத்தப்போ சாம்பிள் கேட்டதுக்கே மூஞ்சியை தூக்கினாங்க, கடைசில வந்தது மும்பை ஜெர்சி கலர் மாதிரி வெளுத்துப் போய் வந்துச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

விலை கம்மி இல்ல. ஃப்ளெக்ஸோட கம்பேர் பண்ணா துணி மூணு மடங்கு கிட்ட வரும், பெரியவர் வரையுறதுக்கு தனி. அவர் கேட்டது அவர் வேலைக்கு குறைவுன்னு தான் எனக்கு பட்டுச்சு, பேரம் பேசாதீங்க ப்ளீஸ்.

கட் பண்ண அரை மார்க்: சொன்ன தேதிக்கு ஒரு நாள் லேட், அதுவும் டோர்னமெண்ட்டுக்கு முந்தின ராத்திரி தான் கைக்கு வந்துச்சு, ஃபோன் போட்டா எடுக்கவே மாட்டாங்க, நேர்ல போய் தான் நிக்கணும். அப்புறம் ஓரத்துல கயிறு கட்ட அடிக்கிற வளையம், ஒரு மூலைல சரியா பிடிக்கல, டர்ஃப்ல காத்து அடிச்சதும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. தையல் ஒண்ணும் ஆகல, துணியும் கிழியல, நாங்க ஒரு ஷூ லேஸ் போட்டு கட்டி சமாளிச்சோம். திரும்பி கொண்டு போனதும் காசு வாங்காம நாலு மூலைக்கும் துணி மடிச்சு டபுளா தைச்சு புது வளையம் அடிச்சுக் கொடுத்தாங்க.

டர்ஃப்ல அதை விரிச்சப்போ என்ன ஆச்சுன்னு சொல்லாம விட முடியாது. மேட்ச் ஆட வந்த பசங்க பாதி பேரு வார்ம் அப்பை விட்டுட்டு அதுக்கு கீழ வந்து நின்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. 2015ல ஸ்கூல்ல படிச்ச பசங்க, அப்போ அப்பா தோள்ல உக்காந்து மேட்ச் பாத்தவன் ஒருத்தன், 2020 ஃபைனலுக்கு கோவா டிக்கெட் போட்டு கேன்சல் பண்ணவன் ஒருத்தன். அவன் காயில் முகத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். புதுசா வந்த காலேஜ் பசங்க மாட்டராஸி நம்ம டீம்லயே ஆடியிருக்காருன்றதையே அன்னிக்கு தான் கேள்விப்பட்டாங்க, கோச்சாவும் இருந்து கிரவுண்ட்லயும் இறங்கினாருன்னு சொன்னா கண்ணு விரியுது. இப்போ இருக்குற நிலைமைல டீம் பத்தி பேச ஆரம்பிச்சாலே எல்லாருக்கும் கோவம் தான் வரும், அன்னிக்கு சாயங்காலம் ஒருத்தர் கூட கோவமா பேசல. பழசை பேசுறது வேலைக்கு ஆகாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், கடைசி இடத்துல இருந்து ஒரு டீம் எப்படி எழுந்துச்சுன்னு தெரிஞ்சவன் தான் அடுத்த தடவை கடைசில கிடக்கும்போதும் ஸ்டாண்டுக்கு வருவான்.

போறவங்களுக்கு: படத்தை வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க இல்லன்னா பென் டிரைவ். ஜெர்சி கைல எடுத்துட்டு போங்க. பெரியவர் மத்தியானத்துக்கு மேல கிளம்பிடுவாரு, முகம் வரையணும்னா காலைல போங்க, ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லி வைங்க. வண்டியை சந்துக்குள்ள விடாதீங்க, நிறுத்த இடமே இல்ல. ஸ்டேடியத்துக்கு கொண்டு போற பேனர்னா கம்பு வைக்கிற பாக்கெட் தைக்க வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க, கம்பெல்லாம் கேட்லயே பிடுங்கிடுவாங்க, கயிறு வளையம் மட்டும் போதும், நாலு மூலையும் டபுள் தையல் கேட்டு வாங்குங்க. எங்க அடுத்த ஆர்டர் கொடுத்தாச்சு, கோவா செமில கோல் போட்ட தன்பால் கணேஷ், தனி துணில.