பழைய செர்வோ மோட்டாரில் ஓடும் மில்லிங் மெஷின்: சில வருட அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் பட்டறையில் நிற்பது தைவான் தயாரிப்பு, பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் மெஷின். மேசை நகரும் எக்ஸ், ஒய் அச்சு இரண்டுக்கும் 750 வாட் செர்வோ (தன் இடத்தைக் கண்காணித்தபடி ஓடும் மோட்டார்), இசட்டுக்கு, அதாவது டூலை மேலும் கீழும் நகர்த்தும் குவில்லுக்கு, 400 வாட் பிரேக் வைத்த செர்வோ. மூன்றும் தொழிற்சாலைகள் கழித்துப் போட்ட பழைய சரக்கு. இதைக் கணினி ஓட்டும் சிஎன்சி மெஷினாக ஆக்கி வருடக்கணக்கில் ஆகிறது, ஞாயிறு தவிர எல்லா நாளும் அலுமினிய ஜிக், ஃபிக்ஸ்சர், சில நேரம் மைல்டு ஸ்டீல் பிளேட் என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம்?" என்றுதான். வாட் கணக்கு கடைசியில் பார்க்க வேண்டியது. பழைய சரக்கில் முதலில் பார்க்க வேண்டியது ட்ரைவ், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் பெட்டி, அதற்கடுத்து கேபிள், அப்புறம்தான் மோட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். கடையில் மோட்டார் குவியலாகக் கிடக்கும், விலையும் மலிவு, ஆனால் செர்வோ மோட்டார் தனியாக ஓடாது. அதன் பின்பக்கம் இருந்து ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் என்கோடர் ட்ரைவோடு பேசும் முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, ஒரே கம்பெனியிலேயே சீரிஸுக்குச் சீரிஸ் வேறு. மிட்சுபிஷி ஜே2எஸ் ட்ரைவுக்கு அந்தத் தலைமுறை மோட்டார்தான், யாஸ்காவா சிக்மா-2 ட்ரைவுக்கு சிக்மா-2 மோட்டார்தான். மோட்டாரை மட்டும் வாங்கி வைத்துவிட்டு ட்ரைவைத் தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். கடைசியில் ட்ரைவுக்கு மோட்டாரைப் போல மூன்று மடங்கு விலை கொடுக்கிறார்கள்.

ட்ரைவ் கிடைத்தாலும் அது என்ன ரகம் என்று எழுத்தைப் படிக்க வேண்டும். என் எக்ஸிலும் ஒய்யிலும் இருப்பது எம்ஆர்-ஜே2எஸ்-70ஏ. கடைசி எழுத்து 'ஏ' என்றால் பல்ஸாகவும் அனலாக்காகவும் கட்டளை வாங்கும், மாக்3, லினக்ஸ்சிஎன்சி என்ற சிஎன்சி மென்பொருள் இரண்டோடும் சேரும். அதே இடத்தில் 'பி' (B) இருந்தால் அது எஸ்எஸ்சிநெட் என்கிற மிட்சுபிஷியின் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்யும், நமக்கு உதவாது. பார்வைக்கு இரண்டும் ஒரே பெட்டி, ஒரே நிறம், விற்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. 'ஏ'வுக்குப் பிறகு '1' இருந்தால் 100 வோல்ட் மாடல், ஜப்பானில் ஓடியது, நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் அவ்வளவுதான். யாஸ்காவாவில் எஸ்ஜிடிவி வரிசை என்றால் '01ஏ' என்பது பல்ஸ், '11ஏ', '21ஏ' இரண்டும் மெக்காட்ரோலிங்க் என்கிற நெட்வொர்க். பானாசோனிக் மினாஸ் ஏ4 மோட்டாரில் எண்களுக்குப் பிறகு வரும் 'பி' (P) 2500 பல்ஸ் என்கோடர், 'எஸ்' 17 பிட் என்கோடர். இரண்டுக்கும் கேபிள் வேறு. இந்த எழுத்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மேனுவல் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, முதல் சில பக்கங்களில் மாடல் எண் விளக்கம் இருக்கும்.

பினாங்கில் இந்த மாதிரி சரக்குக்குப் பஞ்சமே இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபடி இருக்கின்றன, அவை லைனை மாற்றும்போதெல்லாம் பழைய மெஷின்கள் லோரி லோரியாகக் கழிகின்றன. ஆனால் ஒன்று, சிப் வேலை செய்யும் மெஷின்கள் நகர்த்துவது எல்லாமே எடை குறைந்த பொருள், அதனால் நான் பார்த்தவரை பினாங்குத் தீவுப்பக்கம் இருந்து வரும் சரக்கில் 50, 100, 200 வாட் மோட்டார்தான் அதிகம். மில்லிங் மெஷின் மேசைக்கு அது போதாது. 400-உம் 750-உம் எனக்குக் கிடைத்தது பெருநிலத்தில் பிறை, சிம்பாங் அம்பாட் பக்கம், பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினுக்கு மேலே பொருளை எடுக்கும் ரோபோ, பேக்கிங் லைன் இவற்றிலிருந்து கழற்றியவை.

கழற்றியவை என்று சொன்னேன், உண்மையில் வெட்டியவை. இதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். சின்ன மோட்டார்களில் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கேபிள் வெளியே வரும், முனையில் கனெக்டர் இருக்கும். செம்பு எடுக்கிறவர் கட்டரை வைத்து மோட்டாரை ஒட்டியே நறுக்கிவிடுவார், பவர் கம்பியை ஒட்டுப்போடலாம், என்கோடர் கம்பியின் நிறத்தை வைத்து எது எது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் வழக்கமாகப் போகும் கடையில் வேலை செய்யும் அண்ணனிடம் "அண்ணே, மோட்டார் வந்தா கேபிளை மட்டும் வெட்டாம வைங்க, செம்பு விலையைவிட அதிகமா நானே குடுக்குறேன்" என்று சொல்லி வைத்தேன். "அப்போ ட்ரைவ் பக்கம் இருக்கிற பிளக்கும் வேணுமா தம்பி?" என்று அவரே கேட்டார். அந்த பிளக்தான் வேண்டும்! ட்ரைவின் சிக்னல் பிளக்கும் என்கோடர் பிளக்கும் தனியாகப் புதிதாக வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும். இப்போது அவர் கன்ட்ரோல் பெட்டியைக் கதவோடு அப்படியே எடுத்து வைத்துவிட்டுத்தான் எனக்கு ஃபோன் செய்கிறார்.

கடையிலேயே மோட்டாரைச் சோதிக்க பெரிய கருவி வேண்டாம். ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள், மெல்லிய இழுப்பு இருக்கலாம், கரகரப்பு இருக்கக் கூடாது. சுற்றவே முடியவில்லை என்றால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிரேக் வைத்த மோட்டார் 24 வோல்ட் கொடுத்தால்தான் விடும். மிட்சுபிஷியில் மாடல் எண் முடிவில் 'பி' (B) இருந்தால் பிரேக் உண்டு. அடுத்து யு, வி, டபிள்யூ என்ற மூன்று பவர் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து மறுபடி சுற்றுங்கள், நல்ல மோட்டார் என்றால் கை உடனே கனக்கும், சுற்று முழுக்க ஒரே மாதிரி கனக்கும். ஒரு இடத்தில் கனத்து ஒரு இடத்தில் விட்டால் அதை வைத்துவிட்டு வாருங்கள். மூன்று கம்பிக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்து பாடிக்கு லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நம் ஊர் ஈரத்தில் வெளியே கிடந்த மோட்டார் என்றால் இதைத் தவறவே விடக் கூடாது. மெகரை என்கோடர் கம்பியில் மட்டும் வைக்காதீர்கள், அதோடு என்கோடர் போய்விடும்.

இப்போது வாட் கணக்கு. என் 750 வாட் மோட்டார் எச்.சி-கேஎஃப்எஸ்73, 3000 சுற்றில் 2.4 நியூட்டன் மீட்டர் தொடர்ச்சியாகத் தரும், உச்சத்தில் அதைப் போல மூன்று மடங்கு. 2:1 டைமிங் பெல்ட் (மோட்டார் இரண்டு சுற்றினால் ஸ்க்ரூ ஒன்று), 5 மி.மீ. லீட் பால்ஸ்க்ரூ, அதாவது ஒரு சுற்றுக்கு மேசையை 5 மி.மீ. நகர்த்தும் திருகு. பெருக்கிப் பார்த்தால் மேசையைத் தள்ளும் விசை 500 கிலோவுக்கு மேல் வருகிறது, வேகம் நிமிடத்துக்கு 7.5 மீட்டர். இந்த மெஷின் உடம்புக்கு இரண்டுமே தாராளம். 1 மைக்ரானுக்கு ஒரு பல்ஸ் என்று வைத்தாலும் முழு வேகத்தில் நொடிக்கு 1,25,000 பல்ஸ்தான், ட்ரைவ் லைன் டிரைவர் முறையில் 5,00,000 வரை வாங்கும். கணினியின் பழைய பேரலல் போர்ட்டில்தான் இது இடிக்கும், நான் பல்ஸை வேகமாக அனுப்பும் மேசா கார்டு வைத்து லினக்ஸ்சிஎன்சியில் ஓட்டுகிறேன். மோட்டாரை நேராக ஸ்க்ரூவில் மாட்டாமல் பெல்ட் போட்டதற்கு விசை மட்டும் காரணமில்லை, 2:1 குறைத்தால் மோட்டார் உணரும் மேசையின் இனெர்ஷியா (வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம்) நாலில் ஒன்றாகிவிடும். இந்த கேஎஃப்எஸ் மோட்டார் குறைந்த இனெர்ஷியா ரகம், பெரிய மேசையை நேராக மாட்டினால் டியூனிங்கில் கீச்சென்று கத்தும். நேராகத்தான் மாட்ட வேண்டும் என்றால் எச்.சி-எஸ்எஃப்எஸ் மாதிரி நடுத்தர இனெர்ஷியா மோட்டாரைத் தேடுங்கள். அதில் 1 கிலோவாட் என்றால் 2000 சுற்றில் 4.78 நியூட்டன் மீட்டர், பெல்ட்டே வேண்டாம். ஆனால் அதன் ட்ரைவ் த்ரீ ஃபேஸ் 200 வோல்ட் கேட்கும். நம் த்ரீ ஃபேஸ் 400 வோல்ட், நேராகக் கொடுக்கவே கூடாது, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 70ஏ வரைக்கும் சிங்கிள் ஃபேஸ் 230 போதும். 750 வாட்டில் நான் நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

புல்லியைச் சுத்தியால் தட்டி ஏற்றாதீர்கள். ஷாஃப்ட்டின் மறுமுனையில்தான் என்கோடர் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு அடியும் அதற்குத்தான் போகும். டேப்பர் புஷ் போட்டு இறுக்குவது நல்லது.

ட்ரைவை எழுப்புவதில் ஒரு விஷயம். முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் அலாரம் வந்தால் பயப்பட வேண்டாம். ஏஎல்.25 என்றால் பழைய மெஷினில் அப்சல்யூட் முறையில், அதாவது மின்சாரம் போனாலும் இடத்தை நினைவில் வைக்கும் முறையில் ஓடியிருக்கிறது, பேட்டரி இல்லாததால் இடத்தை மறந்துவிட்டது. பாராமீட்டர் 1-இல் இன்கிரிமென்டல் (ஒவ்வொரு முறையும் தொடக்க இடத்திலிருந்து எண்ணுவது) என்று மாற்றினால் பேட்டரியே வேண்டாம், ஹோம் சுவிட்ச் இருக்கும் மெஷினுக்கு அது போதும். ஏஎல்.இ6 என்றால் எமர்ஜென்சி உள்ளீடு திறந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. பி (P), டி (D) முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஜம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள், மோட்டார் வேகம் குறையும்போது திரும்பி வரும் மின்சாரத்தை எரிக்க உள்ளே இருக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டரை அதுதான் இணைக்கிறது, கழற்றிய ட்ரைவ்களில் பல நேரம் காணாமல் போயிருக்கும்.

இத்தனை வருடத்தில் மோட்டார் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. தொல்லை தந்தது சுற்றியிருப்பவை. எக்ஸ் அச்சில் என்கோடர் பிழை, அதாவது ஏஎல்.16, விட்டு விட்டு வர ஆரம்பித்தது, மேசை இடது கோடிக்குப் போகும்போது மட்டும். பழைய கேபிள் அசையாத இடத்துக்கான சாதாரண ரகம், தினமும் வளைந்து உள்ளே ஒரு இழை அறுந்திருந்தது. கேபிள் செயினுக்குள் வளைந்து ஓடக்கூடிய ஃப்ளெக்ஸ் கேபிளாக மாற்றியதும் போயே போச்சு. இன்னொன்று, ட்ரைவ்களின் லீக்கேஜ் கரண்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர்) காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் விழுந்தது, வயர்மேனை வைத்து மெஷினுக்குத் தனி லைனும் எர்த்தும் இழுத்து, அதற்குத் தகுந்த ஆர்சிசிபி போட்ட பிறகு நின்றது. கூலன்ட் விஷயத்தில் ஒய் மோட்டாருக்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டேன், ஆயில் சீல் இல்லாத மோட்டாரில் ஷாஃப்ட் வழியாகத்தான் ஈரம் இறங்கும்.

குவில்லில் பால்ஸ்க்ரூ போட்டால் பிரேக் கட்டாயம். மின்சாரம் போனால் டூலோடு கீழே இறங்கி வேலைப்பொருளில் குத்திவிடும். பிரேக்கை ட்ரைவின் எம்பிஆர் என்ற பிரேக் சிக்னலில் ஒரு ரிலே வழியாக ஓட்டுங்கள், சுவிட்ச் போட்டுக் கையால் இயக்காதீர்கள். பிரேக் பிடிப்பதற்கும் மோட்டார் விடுவதற்கும் நடுவே இருக்கும் அந்த நொடிக்கும் குறைவான நேரத்தை பாராமீட்டர் 33 கவனித்துக்கொள்ளும். இந்த பிரேக் நிற்கும் சுமையைப் பிடித்து வைக்க மட்டுமே, ஓடுகிற அச்சை நிறுத்துவதற்கு இல்லை.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பழசையேதான் வாங்கச் சொல்வேனா? ட்ரைவ், மோட்டார், இரண்டு பக்கமும் கனெக்டரோடு கேபிள், இந்த மூன்றும் ஒரே மெஷினிலிருந்து ஒன்றாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், இந்த அமைதியும் இழுவையும் அந்த விலைக்கு வேறெதிலும் கிடைக்காது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சீனத்துப் புது செர்வோ செட்டைப் பார்ப்பது மேல், கேபிளோடு வருகிறது, விலையும் இறங்கிவிட்டது. ஜே2எஸ் உற்பத்தி 2015-இல் நின்றுவிட்டது, அதனால் ஓடும் மூன்று ஜோடிக்கு மேல் ஒரு 70ஏ ட்ரைவும் ஒரு மோட்டாரும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அலமாரியில் இருக்கும் ட்ரைவுக்கும் அவ்வப்போது மின்சாரம் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன், சும்மா கிடந்தால் கெப்பாசிட்டர் கெட்டுவிடும்.