தலைப்பாரமா, தலை லேசா: மலையகத்தில் பட்மின்டன் ரக்கெட் வாங்குவோருக்கு

பழைய ரக்கெட்டின் மேல்விளிம்பில் விரிசல் விழுந்துவிட்டதால் இந்த வருடம் புதிது வாங்க வேண்டியதாயிற்று. கண்டியில் கடை கடையாகப் பார்த்து, கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்று தலைப்பாரமான, அதாவது நரம்புப் பின்னல் இருக்கும் மேல்பகுதி கனமான, தண்டு விறைப்பான ரக்கெட். யொனெக்ஸில் அஸ்ட்ராக்ஸ் வரிசை அந்த ரகம். மற்றது தலை லேசான, தண்டு ஓரளவு வளைந்து கொடுக்கிற ரக்கெட். அதே கம்பனியின் நானோஃப்ளேர் வரிசையில் இப்படிப்பட்டவை கிடைக்கும். நான் வாங்கியது இரண்டாவது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பின்னேரங்களில் டபிள்ஸ் ஆடுகிற பெரும்பாலானவர்களுக்கும் அதையே சொல்வேன். விக்டரில் த்ரஸ்டரா ஆராஸ்பீடா என்று யோசிப்பவர்களுக்கும், லீ நிங்கில் ஆக்ஸ்ஃபோர்ஸா ப்ளேட்எக்ஸா என்று யோசிப்பவர்களுக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தண்டும் அலுமினியச் சட்டமும் சேர்த்துச் செய்த விலை குறைந்த ரக்கெட் பிள்ளைகள் வாசலில் ஆடப் போதும். வாரத்தில் ஒரு நாளாவது ஒழுங்காக ஆடுகிறவர்கள் முழுக் கிராஃபைட்டுக்கே போக வேண்டும். எடையில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. யொனெக்ஸ் கைப்பிடிகளில் ஜி4 ஐ விட ஜி5 மெல்லியது. இந்த எழுத்துகள் கைப்பிடிக்கு மேலே கூம்பாகக் குறுகும் இடத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை பவுண்ட் வரை நரம்பு இழுக்கலாம் என்பதும் ரக்கெட்டிலேயே இருக்கும். வாங்கும்போது அதைக் கட்டாயம் வாசியுங்கள், பின்னால் தேவைப்படும்.

எடையை விட முக்கியம் அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ரக்கெட்டின் தண்டை ஒரு விரலில் குறுக்காக வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளந்தால் ஏறக்குறைய 285 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பது தலை லேசு, 295 க்கு மேல் தலைப்பாரம், நடுவில் இருப்பது சமநிலை. ஒரே 4யூ எடையுள்ள இரண்டு ரக்கெட்டுகள் கையில் முற்றிலும் வேறு வேறாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

தலைப்பாரமான ரக்கெட் பின்கோட்டிலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு வேகம் தரும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்டும் விறைப்பாக இருந்தால் வீச்சு வேகமாக இருக்க வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து சடாரென்று திரும்பாதவர்களுக்கு அந்தத் தண்டு வளையவே வளையாது, அடி மரக்கட்டையில் பட்டதுபோல் செத்துவிடும். தலை லேசான ரக்கெட்டில் ஸ்மாஷின் கனம் கொஞ்சம் குறையும். பதிலுக்கு வலைக்கு முன்னால் நிற்கும்போதும், எதிராளியின் ஸ்மாஷைத் தடுக்கும்போதும், நெஞ்சுக்கு நேராகத் தட்டையாக வரும் ட்ரைவ் அடியைத் திருப்பும்போதும் கை முந்திக்கொள்ளும்.

இது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மலையில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன.

ஒன்று காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர், ஹட்டன் 1,270 மீட்டர் அளவில் இருக்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. காற்று மெலிந்தால் ஷட்டிலைப் பிடித்து நிறுத்தும் இழுவை குறையும், ஷட்டில் நீளமாகப் பறக்கும். குளிர் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. ஆனாலும் முழுவதையும் ஈடுகட்டாது. கொழும்பில் பின்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுகிற அதே கிளியர் (உயரத் தூக்கிப் பின்கோட்டுப் பக்கம் அனுப்பும் அடி) இங்கே வெளியே போகும். ஆகவே நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பலம் அல்ல, கட்டுப்பாடு.

ஷட்டில் வாங்கும்போதும் இதையே பாருங்கள். மேவிஸ் 350 போன்ற நைலோன் ஷட்டிலில் பச்சை வளையம் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான ஊருக்குப் பச்சை, குளிருக்கு நீலம், கடுங்குளிருக்குச் சிவப்பு என்று வெப்பநிலையை வைத்தே பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உயரம் சேரவில்லை. நுவரெலியா குளிர்தானே என்று சிவப்பு எடுத்தால் எல்லாமே கோட்டைத் தாண்டும். சரிபார்க்க விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது: பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழுப் பலத்தோடு, பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். மறுபக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் உள்ளே விழுந்தால் ஷட்டிலின் வேகம் சரி.

இன்னொன்று கூரை. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். நாங்கள் ஆடுவது பாடசாலை மண்டபத்தில். குறுக்கே தீராந்திகள், தகரக் கூரை, நடுவில் தொங்கும் விளக்கு. உயரத் தூக்கி அடித்தால் தீராந்தியில் பட்டுப் புள்ளி போகும். அதனால் எல்லோருமே தாழ்வாக, நேராக, வேகமாக அடிக்கப் பழகிவிட்டார்கள். ஸ்மாஷுக்கு வாகாக உயரத்தில் மிதந்து வரும் ஷட்டில் இங்கே அபூர்வம். அந்த அபூர்வத்துக்காகத் தலைப்பாரத்தை ஆட்டம் முழுக்கச் சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இவ்வளவையும் ஒதுக்கி வைத்தாலும், என் முடிவைத் தீர்மானித்தது நரம்புதான்.

ரக்கெட் வாங்குவது ஒரு முறை. நரம்பு மாற்றுவது அந்த ரக்கெட் இருக்கும் வரை. கொழும்பில் இருப்பவர் நரம்பு அறுந்தால் வேலை முடிந்து வரும் வழியில் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு நரம்பு கட்டும் மெஷின் என்றால் கண்டிதான். யாராவது கண்டிக்குப் போகும் வரை காத்திருந்து, கொடுத்தனுப்பி, திரும்பவும் யாராவது வரும் வரை பொறுக்க வேண்டும். இடையில் மழை, மண்சரிவு, பாதை மூடல் என்றால் இன்னும் தள்ளிப்போகும். ஆக ரக்கெட்டைப் பார்க்கும்போது இது எவ்வளவு பலமாக அடிக்கும் என்று கேட்பதை விட, இது எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கண்டிக்குப் போகும் என்று கேட்பது பயனுள்ளது.

விறைப்பான, தலைப்பாரமான ரக்கெட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதற்கேற்ற நரம்பையும் கேட்கிறார்கள்: பிஜி 66 அல்டிமாக்ஸ் போல 0.65 மில்லிமீட்டர் மெல்லிய நரம்பு, 26, 27 பவுண்ட் இழுவை. கேட்க அருமையான சத்தம், அடியில் கூர்மை, எல்லாம் உண்மை. ஆனால் இழுவை கூடக் கூட நரம்புப் பின்னலில் நன்றாக அடிபடும் நடுப்பகுதி சுருங்கும். அதற்கு வெளியே, விளிம்பை ஒட்டிப் பட்டால் மெல்லிய நரம்பு ஒரே அடியில் போய்விடும். தலைப்பாரமான ரக்கெட்டால் முழு வீச்சில் அடிக்கும்போது அப்படி விளிம்பில் படுவது சட்டத்துக்கும் ஆபத்து.

தலை லேசான, வளைந்து கொடுக்கும் ரக்கெட் குறைந்த இழுவையில் நன்றாகவே வேலை செய்யும். நான் போடுவது பிஜி 65, 0.70 மில்லிமீட்டர், 23 பவுண்ட். தடிப்பு கூடிய நரம்பு, அறுந்துபோவது அரிது. குறைந்த இழுவையில் நரம்பே ஷட்டிலைத் தள்ளிக் கொடுக்கும், நம் கை அவ்வளவு உழைக்கத் தேவையில்லை. எங்களோடு ஆடுகிற ஒரு தம்பி கேட்டான்:

“சேர், பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் 28, 30 போடுறாங்களே?”

“அவங்களுக்கு அறுந்தா அடுத்த ரக்கெட் பையில தயாரா இருக்கும். நமக்கு ரக்கெட் கண்டிக்குப் போய்த் திரும்பி வரணும். நீ 22 போட்டு ஆடிப் பாரு.”

போட்டான். இப்போது 23 இல் நிற்கிறான்.

நரம்பு அறுந்தவுடன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் செய்வதில்லை. ஒரு நரம்பு போனால் மற்ற நரம்புகள் சட்டத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே பைக்குள் போட்டு, கண்டிக்குப் போகும் ஆளைத் தேடிக்கொண்டு ஒரு வாரம் வைத்திருந்தால் சட்டம் கோணிவிடும். ஆகவே அங்கேயே கத்தரியை எடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, ஒரு குறுக்கு, ஒரு நெடுக்கு என்று மாறி மாறி வெளிப்பக்கமாக எல்லா நரம்பையும் வெட்டிவிடுங்கள். ஓரத்தில் இருந்து வெட்டாதீர்கள். இழுவை கூடிய ரக்கெட்டுக்கு இந்த ஆபத்தும் கூடுதல். கட்டக் கொடுக்கும்போது துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த குழாய் வழியாக நரம்பு நேரடியாகக் கார்பனை அறுக்கும்.

அறுந்துபோகாமல் நாள்பட்ட நரம்பையும் கவனிக்க வேண்டும். நைலோன் நரம்பு ஆடாமல் சுவரில் தொங்கினாலும் தளரும். நம் பக்கத்து ஈரமும் அதற்கு நல்லதல்ல. அப்புறம் கைப்பிடித் துணி. மழை மாதங்களில் வியர்வையோடு பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துக் காயவிடுங்கள்.

விலையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022 இல் ரூபாய் சரிந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான் எதுவும் பழைய விலைக்கு இல்லை. மேல்தட்டுத் தலைப்பாரமான ரக்கெட் ஒன்றின் காசுக்கு நடுத்தரமான தலை லேசான ரக்கெட் இரண்டு வாங்கலாம். ஒன்று கண்டியில் இருக்கும்போது மற்றது கையில் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரியாக இருந்தால் கை மாறியது போலவே தெரியாது. மெஷின் தூரத்தில் உள்ளவர்களுக்கு இதை விட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

தலைப்பாரத்தை யாருக்குச் சொல்வேன்? உயரமான கூரையுள்ள மண்டபம் கிடைக்கிறவர், டபிள்ஸில் எப்போதும் பின்னால் நின்று அடிக்கிறவர், வீச்சு ஏற்கனவே பழகியவர். அஸ்ட்ராக்ஸ் 88 இலேயே பின்கோட்டுக்காரருக்கு 88டி, முன்கோட்டுக்காரருக்கு 88எஸ் என்று பிரித்துத்தான் செய்கிறார்கள். அப்படி ஒரு ஜோடி நிலையாக ஆடினால் பின்னால் இருப்பவர் தலைப்பாரத்தை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் 3யூ வேண்டாம், 4யூ எடுங்கள். தோள்பட்டையும் முழங்கையும் ஏற்கனவே வலிக்கிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

சிங்கிள்ஸ் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் அதை அதிகம் ஆடுவதில்லை. நன்றாக ஆடுகிறவர்கள் சமநிலை ரக்கெட்டையே விரும்புவதைப் பார்த்திருக்கிறேன். யொனெக்ஸில் ஆர்க்சேபர் வரிசை அதற்குப் பொருந்தும். திறந்தவெளியில், தோட்ட மைதானத்தில் காற்றோடு ஆடுகிறவர்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்துமா தெரியாது. காற்றில் கொஞ்சம் தலைப்பாரம் உதவக்கூடும் என்று நினைக்கிறேன், நீண்ட காலம் ஆடிப் பார்த்துச் சொல்லவில்லை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாங்குகிற பெற்றோருக்கு மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: 5யூ, வளைந்து கொடுக்கும் தண்டு, 20 பவுண்ட், தடித்த நரம்பு. மிச்சப்படும் காசுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். சீமெந்துத் தரையில் முழங்காலைக் காப்பது அதுதான்.