இப்போதே ஓட வேண்டிய பல் பிரச்சினையா, நாளைக்குப் பார்க்கலாமா?

வலி எவ்வளவு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் உயிருக்கே ஆபத்தான தொற்று சில நேரம் லேசான வலியோடுதான் வரும்.

பல்லை அடைத்த சிமென்ட் விழுந்துவிட்டது, பல் முனை வலியில்லாமல் உடைந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நொடி கூசி அடங்குகிறது என்றால் அவசரமில்லை, ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் தூங்கவிடாமல் விண்விண் என்று தெறிக்கும் வலி என்றால் மறுநாளே போய்விடுங்கள். அந்த வலி திடீரென்று நின்றாலும் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உள்ளே நரம்பு செத்திருக்கலாம்.

ஆனால் வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்துக்கோ பரவுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருக்கிறது என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பல் பிடுங்கிய இடத்தில் துணியை 20 நிமிடம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லையா, அதுவும் அவசரம்தான்.

அப்புறம், அடிபட்டு முழுப் பல்லும் வெளியே வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் தேய்க்காமல் லேசாக அலசி, குழியிலேயே திரும்ப வையுங்கள், முடியாவிட்டால் பாலில் போட்டு 30 நிமிடத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல் பாதிக்கப்படும்.