காருக்குப் பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் நிரப்புப் பசை) பூசும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்

அப்பா 1995-ல் வாங்கிய மாருதி 800, டிஎன் 72 நம்பர். அவர் திருச்செந்தூரில் வேலை பார்த்த காலம் முழுக்க வண்டி கடற்காற்றில்தான் நின்றது. உப்புக்காற்று தகட்டை உள்ளேயிருந்துதான் அரிக்கும். கதவின் அடிவிளிம்பு, டிரைவர் காலடி, பின்சக்கர வளைவு எல்லாம் போய்விட்டன. எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். அது இன்றும் காலையில் ஒரே சாவிக்கு எழும்பும். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே, அதற்கு முன் பாடி வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பட்ஜெட் 60 ஆயிரம்.

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு ஷெட். "துருவை வெட்டி எடுத்துட்டு 20 கேஜ் தகடு வச்சு வெல்டிங் அடிச்சிருவோம் அண்ணாச்சி, பயப்படாதீய" என்றார் ஷெட்காரர். 40 ஆயிரம் அட்வான்ஸ் ரொக்கமாகக் கொடுத்தேன். இரண்டு தடவை பார்க்கப் போனபோதும், "பெயிண்ட் பூத்ல இருக்கு, தூசி விழுந்திரும்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. வெள்ளை வண்டி சிவப்பாகியிருந்தது. அவர் சொன்ன யோசனைதான், ஆனால் தலையாட்டியது நான். மீதி 25 ஆயிரத்தை ஜிபேயில் அனுப்பினேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கால் நனைந்தது. கால்மிதியைத் தூக்கினால் தார் பூச்சு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். தகடு நெளிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் பச்சை எழுத்தில் "ண்ணெய்" என்று தெரிந்தது. நல்லெண்ணெய் டின்னை வெட்டி, துருவுக்கு மேலேயே வைத்து, நான்கு ரிவெட் அடித்திருக்கிறார். வெல்டிங் ஒரு புள்ளி கூட இல்லை.

ஆர்டிஓ ஆபீஸில் முதலில் கேட்டதே கலரைத்தான். ஆர்.சி.யில் வெள்ளை, எதிரே நிற்பது சிவப்பு. கலர் மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும், அதைக் கூடவா சொல்லவில்லை என்றார்கள். அப்புறம் அடிப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பேட்டையில் ஒரு வயசான டிங்கர் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பின்சக்கர வளைவில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. உடைத்துப் பார்த்தால் விரல் தடிமனுக்குப் பட்டி. பட்டி இல்லாமல் பெயிண்ட் வேலை கிடையாது, ஆனால் அது மேடுபள்ளம் நிரவத்தானே தவிர ஓட்டையை அடைக்க இல்லை என்றார். அவர் தகடு வெட்டி வெல்டிங் வைத்து முடிக்க இன்னொரு 38 ஆயிரம் ஆனது. பட்டி பூசுவதற்கு முன் என்னை வரச்சொல்லி, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் தட்டிக் காட்டினார். நீங்கள் பாடி வேலைக்கு வண்டி விட்டால் இந்தக் கட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பணத்தையும் அதற்குப் பிறகு பிரித்துக் கொடுங்கள்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். ஷெட்காரர் கொடுத்த "பில்" ஒரு காலண்டர் தாள். "பாடி வேலை 65" என்று மட்டும் எழுதியிருக்கிறது, கையெழுத்து கூட இல்லை. 40 ஆயிரம் வாங்கவே இல்லை என்கிறார். என் கையில் இருப்பது 25 ஆயிரத்துக்கான ஜிபே பதிவும், அந்த எண்ணெய் டின் தகடும்தான்.